சிட்காமில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடரான ஃப்ரெண்ட்ஸ் பார்க்கும்போது விழுந்து விழுந்து சிரித்த வசனத்தை மறுநாள் கேன்டீனில் சொன்னால் ஒருவரும் சிரிப்பதில்லையே, அப்படியென்றால் சிரிப்பு வசனத்தில் இல்லையா, பின்னணியில் கேட்கும் கூட்டச் சிரிப்புதான் நம்மைச் சிரிக்க வைக்கிறதா என்பது கேள்வி. முதல் பாதிக்கு ஆமாம், இரண்டாம் பாதிக்கு இல்லை.

சிட்காம் எனப்படும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் சிரிப்பு வருவது, வசனம் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்ட விஷயங்களால். இந்த ஆள் எப்படிப்பட்டவன், இப்போது எதை மறைக்கிறான், எதிரே நிற்பவருக்கு அது தெரியுமா? இந்த மூன்றும் தெரிந்தவருக்கு ஒரு 'ம்' போதும். தெரியாதவரிடம் வசனத்தை மட்டும் கொண்டுபோய் ஒப்பித்தால் அவர் மரியாதைக்குப் புன்னகைப்பார். ஆகவே சிட்காம் எழுதுகிறவரின் முதல் வேலை ஜோக் யோசிப்பது கிடையாது. யாருக்கு எது எப்போது தெரியவேண்டும் என்று கணக்குப் போடுவது.

தொலைக்காட்சி பரவலாவதற்கும் முந்தைய ஒரு உதாரணம். அமெரிக்க வானொலியில் ஜாக் பென்னி வருஷக்கணக்காக ஊரறிந்த கருமியாக நடித்துவந்தார். 1948 மார்ச்சில் ஒலிபரப்பான நிகழ்ச்சியில் ஒரு திருடன் வழிமறித்து, "பணமா, உயிரா?" என்று கேட்கிறான். பதில் வரவில்லை. மௌனம் நீள நீள அரங்கில் சிரிப்பு கிளம்புகிறது. திருடன் மறுபடி அதட்டியதும், "யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்கிறார். கவனியுங்கள், சிரிப்பு வசனத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. எழுதப்படாத அந்த மௌனத்தை நிரப்பியது நேயர்களின் நினைவு. இதே காட்சியில் வேறொரு நடிகரைப் போட்டால், வசனத்தை மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

சிட்காம் பாத்திரங்கள் ஏன் மாறுவதே இல்லை என்பதற்கும் இதுதான் விடை. நாவலில் நாயகன் கடைசி அத்தியாயத்துக்குள் திருந்தலாம். சிட்காமில் திருந்தினால், ஐம்பது எபிசோடுகளாகப் பார்வையாளர் சேர்த்துவைத்த அறிவெல்லாம் வீண். 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்கத் தொடரின் எழுத்தறையில் கட்டிப்பிடித்து அழக்கூடாது, யாரும் பாடம் கற்றுக்கொள்ளக்கூடாது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் ஒரு விதி வைத்திருந்தது பிரசித்தம். வெறும் குறும்புக்காக வைத்த விதியாக அது எனக்குத் தோன்றவில்லை.

குணம் மட்டும் போதாது. அந்த ஆள் ஓடிப்போக முடியாத இடத்தில் மாட்டியிருக்கவேண்டும். பிடிக்காத மனைவி, பிடிக்காத வேலை, பிடிக்காத அறைத்தோழன், ஆனால் விட்டுப் போக வழியில்லை. பிரிட்டிஷ்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1974இல் தொடங்கிய 'பாரிட்ஜ்' தொடரில் இடமே சிறைச்சாலை. "இவன் ஏன் எழுந்து போய்விடக்கூடாது?" என்று பார்வையாளருக்கு ஒருமுறை தோன்றிவிட்டால் அந்தக் காட்சி முடிந்தது.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஓடுவதைப் பார்க்கவேண்டுமென்றால் 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரில் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடைப் பாருங்கள். 1979 பிப்ரவரியில் பிபிசி 2இல் வந்தது. ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதியது. மொத்தத் தொடரே 12 எபிசோடுகள்தான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. பிபிசியில் விளம்பர இடைவெளி கிடையாது என்பதால் முழு அரை மணி நேரமும் அவர்கள் கையில் இருந்தது. சிக்கலை அடுக்கடுக்காகக் கோப்பதற்கு அது பெரிய வசதி.

இங்கிலாந்தின் டார்க்கீ நகரத்தில் ஓட்டல் நடத்தும் பேசில் ஃபால்டி குதிரைப் பந்தயத்தில் 75 பவுண்ட் ஜெயிக்கிறான். சூதாடக்கூடாது என்பது மனைவி சிபிலின் கட்டளை. ஆகவே பணத்தை மறைக்கவேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த பணியாள் மானுவெலுக்கு விஷயம் தெரியும். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். "உனக்கு ஒன்றும் தெரியாது, புரிகிறதா?" என்று பேசில் அவனுக்குத் திரும்பத் திரும்பப் பாடம் நடத்துகிறான். இந்த இடத்தில் சிறிய சிரிப்புதான் வரும். அது போதும், ஏனென்றால் இது விதைக்கும் இடம். பிறகு, பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கவேண்டிய நெருக்கடியில் பேசில் சாட்சிக்கு அழைப்பது மானுவெலை. பேசில் முகத்தில் நம்பிக்கை. மானுவெல் மார்பை நிமிர்த்தி, பாடத்தை ஒப்பிக்கும் மாணவனின் பெருமிதத்தோடு சொல்கிறான்: "எனக்கு ஒன்றும் தெரியாது."

அந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் நகைச்சுவை மருந்துக்கும் இல்லை. அவனுக்குத் தெரியும், பேசிலுக்கு அது தெரியும், நமக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லச் சொன்னவனே பேசில்தான் என்பதும் நமக்குத் தெரியும். தான் போட்ட பூட்டில் தானே சிக்கிக்கொண்டான்.

இந்த எபிசோடில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, எழுதப் பழகுகிறவர்கள் அவசியம் கவனிக்கவேண்டியது. ஆள்மாறாட்டம், தவறான புரிதல் வகைக் கதைகளில் வழக்கமாக எழும் புகார், "ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே" என்பது. இங்கே அந்த ஒரு வார்த்தையை யாராலும் பேச முடியாது. ஒவ்வொருவரின் தடையும் அவரவர் குணத்திலிருந்தே வருகிறது. பேசிலுக்கு மனைவியிடம் பயம். மானுவெலுக்கு வாக்குத் தவறாத விசுவாசம். தன் பணம் காணாமல் போய்விட்டதாகக் கூச்சல் போடும் விருந்தாளி மிஸஸ் ரிச்சர்ட்ஸுக்குக் காது கேட்காது. கருவி உண்டு, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஓடவிடமாட்டார். பேசில் பணத்தை ஒப்படைக்கக் கிடைத்த, ஓட்டலிலேயே தங்கியிருக்கும் முதியவர் மேஜருக்கோ காலையில் நடந்தது மதியம் ஞாபகம் இருக்காது. பேசிலின் கணக்கு முதல்முறையாக லாபத்தில் வந்து நிற்கும் கடைசி நிமிஷத்தில், சிபில் பக்கத்தில் இருக்கும்போது, மேஜருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடுகிறது. மறதி வரவேண்டிய இடத்தில் நினைவு வருகிறது. தற்செயல்தான், ஆனால் எழுத்தாளர் இழுத்துவந்த தற்செயல் என்று நமக்குத் தோன்றாது. அவர் எந்த நேரத்தில் எதை நினைப்பார், எதை மறப்பார் என்று சொல்ல முடியாது என்பதை முன்பே பார்த்துப் பழகிவிட்டோம்.

அமெரிக்கத் தொடர்களில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாக நடக்கும். 1999 பிப்ரவரியில் வந்த ஃப்ரெண்ட்ஸ் ஐந்தாவது சீசனின் 14ஆம் எபிசோடு, மோனிகாவும் சாண்ட்லரும் ரகசியமாக உறவில் இருப்பது அம்பலமாகும் கதை. தொடங்கும்போது ஜோயிக்குத் தெரியும், ரேச்சலுக்குத் தெரியும், ஃபீபிக்கும் ராஸுக்கும் தெரியாது. எதிர்க் கட்டிடத்தில் காலியாகும் ஒரு வீட்டைப் பார்க்கப்போன ஃபீபி ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துவிடுகிறாள். தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஃபீபிக்கு விளையாட வேண்டும், ஆகவே சாண்ட்லர்மீது ஆசை வந்ததுபோல் நடிக்கிறாள். சாண்ட்லர் குழம்பிப்போய் மோனிகாவிடம் சொல்ல, ஃபீபிக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று மோனிகா ஊகித்துவிடுகிறாள். இப்போது இவர்கள் பதிலுக்கு நடிக்கிறார்கள். அதுவும் அந்தப் பக்கம் தெரிந்துவிடுகிறது. நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும் என்கிற கணக்கு.

உச்சக் காட்சியில் ஃபீபியும் சாண்ட்லரும் தனியாக நின்று, யார் முதலில் பின்வாங்குவது என்று போட்டி போடுகிறார்கள். நெருங்கிவரும் ஒவ்வொரு அடியும் இருவருக்கும் அருவருப்பு, இருவருக்கும் வீம்பு. மோனிகா குளியலறையில் ஒளிந்திருக்கிறாள். ரேச்சலும் ஜோயியும் கதவுக்கு வெளியே. இங்கே பேசப்படும் வசனங்களை எழுத்தில் படித்தால் சாதாரணமானவை. நடிப்பு முழுவதும் தோள் விறைப்பிலும், எங்கே வைப்பது என்று தெரியாத கையிலும் இருக்கிறது. கடைசியில் சாண்ட்லர் தாங்கமுடியாமல் மோனிகாவைக் காதலிப்பதாகக் கத்திவிட, ஃபீபிக்கே அது புதுச் செய்தி. உறவு தெரியும், காதல் என்று தெரியாது. அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்ட விஷயத்துக்குள் தெரியாத ஒரு விஷயத்தை ஒளித்துவைத்திருந்தார்கள்.

அதோடு விடவில்லை. ராஸுக்கு அந்தக் காலி வீடு கிடைப்பது, வேலையில் கோபப்பட்டதால் விடுப்பில் அனுப்பப்பட்ட அவன் தன் மேலதிகாரியிடம் இப்போது அமைதியாகிவிட்டதைக் காட்டுவது, இவை பக்கக் கதையாக ஓடிக்கொண்டிருந்தன. முடிவில் மேலதிகாரியைப் புது வீட்டுக்கு அழைத்துவந்து காட்டும்போது அதே ஜன்னல் வழியே தன் தங்கை மோனிகாவையும் சாண்ட்லரையும் பார்க்கிறான். இரண்டு கதைகளும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொள்கின்றன. நல்ல எபிசோடுகளில் பக்கக் கதை இப்படி முதன்மைக் கதையின் கழுத்தில் வந்து விழும். சுமாரானவற்றில் நேரத்தை நிரப்பிவிட்டுப் போய்விடும்.

உடல்மொழி நகைச்சுவைக்கும் இதே சட்டம்தான். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொடரில் 1952 செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் பலர் துண்டு வீடியோவாகப் பார்த்திருப்பீர்கள். லூசியும் அவள் தோழி எத்தலும் பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளுக்குக் காகிதம் சுற்றவேண்டும். அதன் படிகளைப் பாருங்கள். முதலில் மேற்பார்வையாளர் விதியைச் சொல்கிறார்: ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும். பிறகு பெல்ட் மெதுவாக ஓடுகிறது, இருவரும் சமாளிக்கிறார்கள், நமக்கு இயல்பான வேகம் பழகிவிடுகிறது. பிறகு வேகம் கூடுகிறது. தவறவிட்டவற்றை வாயில், தொப்பியில், சட்டைக்குள் திணிக்கிறார்கள். மேற்பார்வையாளர் திரும்பிவந்து, பெல்ட் காலியாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். அந்த முதல் விதியை நீக்கிவிட்டால் இரண்டு பெண்கள் சாக்லேட் தின்னும் காட்சிதான் மிஞ்சும். நடுவில் வரும் மெதுவான பகுதியை நீக்கினாலும் பாதிச் சிரிப்பு போய்விடும். புதிதாக எடுக்கிறவர்கள் வெட்டுவது பெரும்பாலும் அந்த மெதுவான பகுதியைத்தான்.

லூசியைப் படம்பிடித்த முறையும் முக்கியம். நேரடிப் பார்வையாளர்கள் முன்னால் மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயண்ட் எந்தக் கோணத்துக்கும் பொருந்தும்படி சீரான ஒளி அமைத்துக் கொடுத்தார். இதனால் என்ன லாபம் என்றால், ஒருத்தி பேசும்போது கேட்பவரின் முகம் அதே கணத்தில் இன்னொரு கேமராவில் பதிவாகிவிடுகிறது. சிட்காமில் பெரிய சிரிப்புகளில் பாதி, கேட்பவரின் முகத்துக்கு வெட்டும்போது வருபவை. சொல்பவருக்கு என்ன தெரியும் என்பதை வசனம் காட்டும். கேட்பவருக்கு என்ன தெரியும் என்பதை முகம்தான் காட்டமுடியும்.

இப்போது அந்தக் கூட்டச் சிரிப்பு. இதில் இரண்டு வகை உண்டு, மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸின் ஒலிப் பொறியாளர் சார்லி டக்ளஸ் உருவாக்கிய பெட்டி. தட்டச்சுப் பொறிபோல விசைகள், காலால் மிதிக்க ஒரு பெடல், உள்ளே நாடாக்களில் பதிவான சிரிப்பு வகைகள். பார்வையாளர் இல்லாமல் எடுத்த தொடர்களுக்கு அதிலிருந்து சிரிப்பைச் சேர்த்தார்கள். போர்க்கள மருத்துவமனைக் கதையான 'மேஷ்' தொடரில் சேனல் வற்புறுத்தியதால் சேர்க்கப்பட்டது, ஆனால் அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் உறுதியாக நின்றார்கள். பிபிசி சிரிப்பே இல்லாமல் அதை ஒளிபரப்பியது, தொடர் அங்கும் நன்றாகவே ஓடியது.

இன்னொன்று, ஃப்ரெண்ட்ஸ் போல சுமார் 300 பேரை உட்காரவைத்து எடுத்தபோது வந்த உண்மைச் சிரிப்பு. தொகுப்பின்போது இதைக் கொஞ்சம் வெட்டுவார்கள், கொஞ்சம் தூக்குவார்கள், ஆனால் அடிப்படை அங்கிருந்து வந்தது. சிரிப்பை நீக்கிவிட்டு, "பாருங்கள், இதில் ஒன்றுமே இல்லை" என்று போடும் வீடியோக்கள் நியாயமான சோதனை கிடையாது. நடிகர்கள் சிரிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுக்கிறார்கள். சிரிப்பை நீக்கினால் அந்தக் காத்திருப்பு அசட்டு மௌனமாகத் தெரியும். சபாவில் காமெடி நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும், முந்திக்கொண்டால் வரி கேட்காது. சிரிப்பு பாதி இறங்கும்போது பிடிப்பதுதான் சரி.

அந்த 300 பேரும் அலங்காரத்துக்கு உட்காரவைக்கப்பட்டவர்கள் இல்லை. இந்த வகைத் தொடர்கள் பொதுவாக ஐந்து நாள் சுழற்சியில் ஓடும். முதல் நாள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு, அடுத்த நாட்களில் ஒத்திகை, ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் எழுத்தறையில் திருத்தம், பிறகு கேமரா ஒத்திகை, ஐந்தாம் நாள் பார்வையாளர்கள். ஒரு வரிக்கு அரங்கம் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் தளத்திலேயே கூடி வேறு வரி எழுதி நடிகரிடம் கொடுப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். கதையின் திசையே மாறுவதும் உண்டு. 1998இல் லண்டனில் எடுத்த ஃப்ரெண்ட்ஸ் நான்காவது சீசன் முடிவில், சாண்ட்லரின் போர்வைக்குள்ளிருந்து மோனிகா தலையை நீட்டியதும் அரங்கம் போட்ட கூச்சலைக் கேட்டபிறகுதான், நீண்ட உறவாகத் திட்டமிடப்படாத அந்தக் கதை தொடரின் முதுகெலும்பானது.

2001இல் பிபிசியில் வந்த 'தி ஆபீஸ்' கூட்டத்தையே வெளியே அனுப்பிவிட்டது. ஆவணப்படம்போல எடுக்கப்பட்டதால் பாத்திரங்களுக்கே கேமரா இருப்பது தெரியும். மேலாளர் டேவிட் பிரென்ட் தன்னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக் கேமராவுக்காக நடிக்கிறான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் வேறு கதை சொல்கிறது. யாருக்கு எது தெரியும் என்கிற இடைவெளி அதேதான். காத்திருக்க வேண்டிய சிரிப்பு இல்லாததால் மௌனங்கள் இங்கே சங்கடமாக மாறுகின்றன, ஊழியன் டிம் கேமராவை ஒரு கணம் பார்க்கும் பார்வை கூட்டச் சிரிப்பின் வேலையைச் செய்கிறது. பின்னால் வந்த பல தொடர்கள் அந்தப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை போட்டுத் தேய்த்துவிட்டன.

எங்கெல்லாம் கெட்டுப்போகிறது? அடிக்கடி நடப்பது, யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ஜோக். எழுத்தறைகளில் பக்கத்துக்கு மூன்று சிரிப்பு என்று ஒரு பழைய கணக்குப் புழங்குகிறது. அதை நிரப்ப அவசரப்பட்டு, கிடைத்த வாயில் எல்லாம் கிடைத்த கிண்டலைத் திணித்தால் ஆறு பாத்திரங்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். வசனப் பிரதியில் பெயர்களை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால் அந்த வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டவேண்டியதுதான்.

அடுத்தது தாமதம். அமெரிக்கச் சேனல்களின் அரை மணியில் விளம்பரம் போக 22 நிமிஷம்தான் கையில் இருக்கிறது. முதல் மூன்று நிமிஷத்துக்குள் ஒருவருக்கு ஏதாவது வேண்டும், அதை நேர்வழியில் பெற முடியாது என்பது நமக்குத் தெரியவேண்டும். ஐந்தாவது நிமிஷத்திலும் ஆட்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், பிறகு முடிச்சுப் போடவும் நேரமில்லை, அவிழ்க்கவும் நேரமில்லை.

நீண்ட தொடர்களின் நோய் வேறு. ஒரு குணம் சிரிப்பை வாங்கித் தருகிறது என்று தெரிந்ததும் வருஷா வருஷம் அதை ஊதிப் பெருக்குவார்கள். முதல் சீசனில் ஜோயி படிப்பில்லாதவன், ஆனால் தெரு சாமர்த்தியம் உள்ளவன். பத்தாவது சீசனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தால் அதைப்போலச் சொல்லக்கூடத் தெரியாத அளவுக்கு மந்தமாகிவிட்டான். சிரிப்பு வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எதுவும் தெரியாதவனிடம் மறைக்க ஒன்றும் இல்லை, ஏமாற்றுவதிலும் சுவை இல்லை.

நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டால் தொடர் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 'ஃப்ரேஷர்' என்ற அமெரிக்கத் தொடரில் ஏழு சீசன் ஏங்கவைத்து நைல்ஸையும் டாஃப்னியையும் சேர்த்தபிறகு சுவாரஸ்யம் குறைந்தது என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் காரணம் சேர்ந்தது இல்லை. நைல்ஸின் காதல் டாஃப்னியைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அங்கே எரிபொருள். அது தீர்ந்தது, வேறு நிரப்பவில்லை. மோனிகா, சாண்ட்லர் விஷயத்தில் சேர்ந்ததையே ரகசியமாக்கிவிட்டதால் எரிபொருள் கூடியது.

இதையெல்லாம் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பிடித்த எபிசோடு ஒன்றை எடுத்து, ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, கடைசியில் 'நாம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். இடதுபக்கம் காட்சி எண். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி, முக்கிய விஷயம் யாருக்கெல்லாம் தெரிந்துவிட்டதோ அவர்களுக்கு நேரே ஒரு டிக். பெரிய சிரிப்பு வரும் இடத்தில் மட்டும் சிவப்பு மை. 'நாம்' கட்டத்தில் டிக் விழுந்து, திரையில் நிற்கும் யாரோ ஒருவரின் கட்டம் காலியாக இருக்கும் வரிகளில்தான் சிவப்பு அதிகம் விழும். எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்தபிறகும் எபிசோடு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடினால், அந்த இரண்டு நிமிஷத்தில் வசனம் எழுதியவர் எவ்வளவு திண்டாடியிருக்கிறார் என்பது தாளைப் பார்க்காமலே தெரியும்.